கணு உள்ள கட்டையில் நீள்வில் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரே கட்டையிலிருந்து நீள்வில் செதுக்க உட்காருகிறவர்கள் கணுவைப் பார்த்ததும் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். கட்டையையே ஓரமாகப் போட்டுவிடுகிறார்கள், அல்லது கணு இருப்பதையே பொருட்படுத்தாமல் எல்லாவற்றையும் ஒரே மட்டமாக இழைத்துத் தள்ளுகிறார்கள். முதலாமவருக்கு நல்ல கட்டை போகிறது. இரண்டாமவருக்கு நாண் இழுக்கும்போது முகத்துக்கு நேராக வில் ஒடிகிறது.

வில்லின் பாரத்தைத் தாங்குவது கணு அல்ல, கணுவைச் சுற்றி வளைந்து ஓடும் நார்கள்தான். அந்த நார்களை அறுக்காமல் காப்பாற்றுவதுதான் கணு வேலை. இந்தக் காப்பாற்றலில் முக்கால்வாசி, ரம்பத்தைத் தொடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். புதியவர்கள் தடுமாறுவதும் அங்கேதான். வெட்டிய பிறகுதான் கணுவைப் பற்றி யோசிக்கிறார்கள்.

நான் இங்கே எடுத்துக்கொள்வது ஓசேஜ் ஆரஞ்சு மரம். டெக்சாஸ், ஓக்லஹோமா, அர்க்கன்சாஸ் பக்கத்து மரம். அங்கே ஊர்க்காரர்கள் இதை ‘போடார்க்’ என்பார்கள். பலா மரமும் இதுவும் ஒரே தாவரக் குடும்பம், புதிதாகப் பிளந்தால் பலாப் பலகை மாதிரியே மஞ்சளாக இருக்கும். வில்லுக்கு இதைவிடப் பொறுமையான மரம் எனக்குத் தெரியாது. ஆனால் கணு இல்லாத ஓசேஜ் கட்டை கிடைப்பது அரிது.

கணக்குகள் எல்லாம் 68 அங்குல நீளம், 28 அங்குல இழுப்பில் 45 பவுண்டு எடை கொண்ட வில்லுக்கானவை. எடை என்பது வில்லின் கனம் அல்ல, நாணை அந்த அளவுக்கு இழுக்கத் தேவையான விசை.

1. தொடங்கும் முன் தேவையானவை

கட்டை: வட்டமரத்தை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தது வேண்டும். பிளவு நாரோட்டத்தோடு போகும். ரம்பம் தன் வழியில் போகும். கணு உள்ள மரத்தில் இந்த வேறுபாடு இரண்டு மடங்காகத் தெரியும்.

உலர்வு: ஈரம் 8 முதல் 10 சதவீதத்துக்கு வந்திருக்க வேண்டும். ஈரமானி இல்லாவிட்டால் வாரம் ஒருமுறை தராசில் வையுங்கள். சில வாரங்களுக்கு எடை மாறாமல் நின்றால் உலர்ந்துவிட்டது. ஈரக்கட்டையை வளைத்தால் அந்த வளைவு அப்படியே நின்றுவிடும், கணுவுக்குப் பக்கத்தில் இன்னும் மோசமாக நிற்கும்.

கருவிகள்: இரண்டு கைப்பிடி வைத்த இழுப்புக் கத்தி, முரட்டு அரம், நைஸ் அரம், எஃகுச் சுரண்டு தகடு, வைஸ், மென்மையான பென்சில், நல்ல மேசை விளக்கு. விளக்கைப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் கணுவின் மேடு கண்ணுக்குத் தெரியாது.

வளைத்துப் பார்க்க: சுவரில் பொருத்திய தாங்கி, கப்பி, கயிறு, தொங்கு தராசு. கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். மரத்தூள் சிலருக்குத் தோலில் அரிப்பு தரும்.

மின்சார பெல்ட் சாண்டர் இந்தப் பட்டியலில் வேண்டுமென்றே இல்லை. கணுவுக்குப் பக்கத்தில் அது இரண்டு விநாடியில் செய்யும் சேதத்தைத் திருத்த வழியே கிடையாது.

2. கணுவைப் படித்தல்

கிளையின் அடி மரத்துக்குள் புதைந்ததுதான் கணு. நடுத்தண்டில் கூர்மையாகத் தொடங்கி, பட்டையை நோக்கி விரியும் புனல் போல இருக்கும். கிளை மேல்நோக்கிச் சாய்ந்து வளர்ந்தால் புனலும் சாய்ந்திருக்கும். ஒரு கணு வில்லின் முதுகில் ஓரிடத்திலும் வயிற்றில் சற்றுத் தள்ளியும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

முதுகு, வயிறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வயிறு, இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. நாண் இழுக்கும்போது முதுகு நீண்டு இழுபடும், வயிறு நசுங்கும். மரம் பொதுவாக ஒடிவது முதுகில், நொறுங்குவது வயிற்றில்.

கணுக்களை மூன்றாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

ஊசிக்கணு: இரண்டு மூன்று மில்லிமீட்டர் புள்ளி. தனியாக இருந்தால் பயம் இல்லை, ஆனால் தட்டையாகச் சுரண்டிவிடக் கூடாது.

உயிர்க்கணு: சுற்றியுள்ள மரத்தோடு இறுகப் பிணைந்தது. நகத்தால் தட்டினால் கெட்டியான சத்தம் வரும். நம்பலாம்.

செத்த கணு: சுற்றிக் கரும்பட்டை வளையம், உள்ளே உளுத்த பொடி. ஊசியால் குத்தினால் இறங்கும். இதைத் தோண்டி எடுக்க வேண்டும். அது 7-ஆம் கட்டத்தில் வருகிறது.

பட்டை இருக்கும்போதே பாருங்கள். பட்டையில் சுழியோ கண் போன்ற தழும்போ இருந்தால் அடியில் புதைந்த கணு உண்டு. பட்டையை உரித்த பிறகு அந்த அடையாளம் போய்விடும், அதனால் சாக்பீஸால் வட்டமிட்டு, கட்டையின் பக்கத்திலும் ஒரு கோடு இழுத்துவிடுங்கள்.

3. வில் கட்டைக்குள் எங்கே படுக்க வேண்டும்

எல்லாவற்றிலும் அதிகம் பலன் தரும் கட்டம் இதுதான். நான் இதற்கு ஒரு மாலை முழுவதையும் கொடுப்பேன்.

கட்டை 68 அங்குலத்தை விட நீளமாக இருந்தால் வில்லை மேலும் கீழும் நகர்த்தும் சுதந்திரம் இருக்கிறது. பெரிய கணுவைப் பிடிக்குள் கொண்டுவரப் பாருங்கள். பிடி வளையாது, தடிமனும் இருக்கும், அங்கே கணு தூங்கும். அது முடியாவிட்டால் நுனியில் கடைசி ஐந்தாறு அங்குலத்துக்குத் தள்ளுங்கள். அங்கும் வளைவு குறைவு. ஆனால் நுனி ஒடுங்கியது, பெரிய கணுவைச் சுற்றி நார் ஓட இடம் இருக்காது. எனவே சின்னக் கணுக்களுக்கு மட்டும்தான் நுனி.

வில்லின் ஒவ்வொரு கையிலும், அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பாதிகளில், நடுப்பகுதிதான் அதிகம் வளையும். கணு அங்கே விழுந்துதான் ஆக வேண்டுமென்றால் அகலத்தின் நடுவில் விழட்டும். இரண்டு பக்கமும் முழு நார்கள் ஓடும். அது முடியாவிட்டால் கணு வில்லுக்கு முற்றிலும் வெளியே போக வேண்டும்.

கூடவே கூடாதது பாதிக் கணு. விளிம்புக் கோடு கணுவை வெட்டிக்கொண்டு போனால், அதைச் சுற்றி வந்த நார்கள் இரண்டு முனையிலும் அறுந்து, பிடிப்பில்லாத சிம்பாக நிற்கும். நான் முதன்முதலில் ஒடித்த வில் இப்படித்தான் போனது. கணு சின்னதுதானே என்று விளிம்பிலேயே விட்டேன். 24 அங்குல இழுப்பில் சிம்பு எழுந்தது, அடுத்த இழுப்பில் கை ஒடிந்தது.

இரண்டு மூன்று கணுக்கள் ஒரே கையின் நடுவில் கொத்தாக இருந்து, அவற்றுக்கிடையே நேரான நாரே இல்லையென்றால் அந்தக் கட்டையை முதல் வில்லுக்கு எடுக்காதீர்கள். எடுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அகலத்தைக் கூட்டி, எடையை 35 பவுண்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதுகில் ஒரே வளையத்தைப் பிடித்தல்

ஓசேஜில் பட்டையையும் அதன் அடியிலுள்ள வெளிறிய வெள்ளையையும் எடுத்துவிட்டு, வைரப்பகுதியில் ஒரு நல்ல ஆண்டு வளையத்தைத் தேர்ந்தெடுத்து, நுனி முதல் நுனி வரை அதே வளையத்தை முதுகாக வைக்க வேண்டும். வளையத்தின் கெட்டி அடுக்கு ஒரு நூல், அதாவது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர், இருந்தால் வேலை சுகம். ஒரு வளையம் அறுபட்டு அடுத்த வளையம் எட்டிப் பார்க்கும் இடத்தில்தான் முதுகு பிளக்கும்.

இரண்டு கெட்டி அடுக்குகளுக்கு நடுவே துளை நிறைந்த மெல்லிய அடுக்கு இருக்கும். கத்தி அதில் நுழையும்போது சத்தமே மாறி, மொறுமொறுவென்று கேட்கும். அதைக் கேட்டதும் கத்தியை நிறுத்தி, மீதியைத் தகட்டால் சுரண்டுங்கள். காதைப் பழக்கிக்கொண்டால் பாதி வேலை எளிது.

கணுவின் அருகே வளையம் சமதளமாக இருக்காது. குன்று போல மேலே ஏறி இறங்கும். கத்தி நேராகப் போனால் அந்தக் குன்றின் தலையை வெட்டிவிடும், கூடவே ஏழெட்டு வளையங்களையும். எனவே கணுவுக்கு இரண்டு அங்குலம் முன்பே கத்தியைக் கீழே வையுங்கள். அப்புறம் தகடும் சின்ன அரமும்தான். ஒரு பக்கத்திலிருந்து கணு வரை வாருங்கள், அடுத்து மறுபக்கத்திலிருந்து கணு வரை. கணுவின் மேலாக ஒரே இழுப்பில் கடக்க வேண்டாம்.

கணுவின் உச்சியில் மேல்வளையங்கள் இரண்டு மூன்றைத் தொப்பி போல அப்படியே விட்டுவிடுங்கள். அடியில் நீங்கள் தேர்ந்த வளையம் அறுபடாமல் ஓடுகிறது, தொப்பி அதற்கு மேல் பாதுகாப்பு. தொப்பியின் ஓரம் படிக்கட்டு போலச் செங்குத்தாக நிற்கக் கூடாது, சரிவாக இறங்க வேண்டும். செங்குத்தாக இருந்தால் வளைவு முழுவதும் அந்தப் படியின் அடியில் போய்க் குவியும்.

வளையம் பிடித்து முடிந்த அன்றே முதுகுக்கு ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்துவிடுங்கள். திறந்த முதுகு வேகமாக உலர்ந்து விரிசல் விடும்.

5. பக்கக் கோடு வரைதல்

ஸ்கேலை வைத்து நேர்க்கோடு போட வேண்டாம். முதுகில் உள்ள துளைக்கோடுகளைப் பென்சிலால் பின்தொடருங்கள். ஆற்றில் கல் கிடந்தால் நீர் விலகிப்போய் மறுபடி சேர்வது போல, நார் கணுவைச் சுற்றி விலகிச் சேரும். உங்கள் கோடும் அப்படியே விலக வேண்டும், அப்படியே சேர வேண்டும். வில் பாம்பு போல நெளிந்தாலும் பரவாயில்லை. நாண் பிடியின் நடுவில் விழுகிற வரை நெளிவு அழகுதான்.

அகலத்துக்கு நான் வைத்திருக்கும் கணக்கு: கணுவை அகலத்திலிருந்து கழித்துவிட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் கணு இல்லாமல் 35 மில்லிமீட்டர் வேண்டும், கணு 8 மில்லிமீட்டர் என்றால், மொத்த அகலம் 43. இந்தப் புடைப்பு திடீரென்று வராமல், கணுவுக்கு இரண்டு பக்கமும் நான்கு அங்குலத்துக்குப் பரவி மெல்ல ஏறி இறங்கட்டும்.

கணு ஒரு விளிம்புக்கு நெருங்கிவிட்டால், அதற்கும் விளிம்புக்கும் இடையே முழுதாக ஓடும் நார் குறைந்தது இரண்டு நூல் அகலமாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் கோட்டை வெளியே நகர்த்துங்கள்.

ரம்பத்தால் அறுக்கும்போது கோட்டுக்கு வெளியே ஒரு நூல் விட்டு அறுத்து, மீதியை அரத்தால் கொண்டுவாருங்கள்.

6. வயிற்றுப் பக்கம் தடிமன் குறைத்தல்

முதலில் கணு வயிற்றில் எங்கே வெளிவருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தடிமன் குறையக் குறைய அந்த இடம் சற்று நகரும், புனல் சாய்ந்திருப்பதால். ஒவ்வொரு சுற்றுக்கும் பென்சிலால் மறுபடி வட்டமிடுங்கள்.

இனி, எல்லாரும் செய்யும் தவறு. கணு சுற்றியுள்ள மரத்தை விடக் கெட்டி. தகட்டை ஓட்டினால் கணுவின் மேல் ஏறித் துள்ளி, இரண்டு பக்கத்திலும் உள்ள மரத்தை மட்டும் கூடுதலாகச் சுரண்டும். உப்புத்தாளும் அப்படித்தான். பார்வைக்குக் கணு மேடாகத் தெரியும், உடனே ‘இன்னும் கொஞ்சம்’ என்று அங்கேயே தேய்ப்பார்கள். மேடு குறையாது, பள்ளம் ஆழமாகும். அந்தப் பள்ளத்தில் வில் கீல் போல மடங்கத் தொடங்கும்.

வழி இது. கணுவுக்கு நேராக வயிற்றில் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடுதலாக இருக்கட்டும். கணுவுக்கு முன்னும் பின்னும் ஓர் அங்குலம் சரிவுக்கு ஒதுக்குங்கள். அந்த வட்டத்துக்குள் தகடு வேண்டாம். நைஸ் அரத்தை மட்டும், கட்டையின் நீளத்துக்குக் குறுக்கே சாய்த்து, லேசாகப் போடுங்கள். அரத்தின் பற்கள் கெட்டி மரத்தையும் மென்மரத்தையும் ஒரே அளவாக எடுக்கும். கத்தியும் தகடும் அப்படி எடுக்காது.

ஒவ்வொரு ஐந்து நிமிடமும் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள். காலிப்பர் இல்லையா, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போதும். கண்ணை மூடிக்கொண்டு வில்லின் கை நெடுக விரல்களை ஓட்டினால் கணுவின் இரண்டு பக்கப் பள்ளமும் உடனே பிடிபடும்.

7. செத்த கணுவுக்கு வைத்தியம்

உளுத்துப்போன எல்லாவற்றையும் எடுங்கள். சின்னத் துளைக்கருவி முனையைக் கையால் திருகியோ, கூரிய கம்பியாலோ, கெட்டி மரம் தட்டுப்படும் வரை. கறுப்புப் பட்டை வளையத்தையும் விடக் கூடாது. சுற்றியுள்ள நல்ல நாரை மட்டும் தொடவே கூடாது. துளையை அழகாக வட்டமாக்குகிறேன் என்று அகலப்படுத்தினால் பாரம் தாங்குகிற நாரைத்தான் வெட்டுகிறீர்கள்.

ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். முதல் இரண்டு சொட்டை மரம் குடித்துவிடும். பிறகு அதே மரத்தின் தூளை நிரப்பி, மறுபடி பசை. ஒரே தடவையில் நிரப்பாமல் மூன்று நான்கு அடுக்காக நிரப்பினால் உள்ளே வெற்றிடம் தங்காது. பெரிய துளை என்றால் எபாக்சியில் மரத்தூள் கலந்து அடைத்து, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

இந்த அடைப்பு முதுகில் இழுவிசையைத் தாங்காது. துளையின் ஓரம் உதிராமல் பார்த்துக்கொள்ளும், வயிற்றில் நசுங்காமல் முட்டுக்கொடுக்கும், அவ்வளவே. எனவே அகலக் கணக்கில் அதை வெற்று ஓட்டையாகவே எண்ணி, 5-ஆம் கட்டத்துக் கூடுதல் அகலத்தை விட்டிருக்க வேண்டும். துளை அந்த இடத்து அகலத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் அந்தக் கட்டையை வில்லாக்க மாட்டேன்.

இந்தக் கட்டம் வளைப்பதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். வளைத்துப் பார்த்த பிறகு அடைத்தால், ஏற்கெனவே நசுங்கிய ஓரத்தின் மேல் பூச்சு வேலை செய்தது போலத்தான்.

8. வளைவைச் சீராக்குதல்

முதலில் விளிம்புகள் எல்லாவற்றையும், குறிப்பாகக் கணு ஓரத்து விளிம்புகளை, உருண்டையாக்குங்கள். கூரான விளிம்பில்தான் சிம்பு முதலில் எழும்.

பிறகு ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியை அழுத்தி, இரண்டு மூன்று அங்குலம் மட்டும் வளைத்துப் பாருங்கள். கணு பக்கம் எப்படி நடந்துகொள்கிறது என்பது இங்கேயே தெரிந்துவிடும். அடுத்து நீளமான நாண் கட்டித் தாங்கியில் ஏற்றி, கப்பியால் இழுங்கள். மரம் எடுத்த ஒவ்வொரு முறையும் இருபது முப்பது தடவை மெல்ல இழுத்து விட்ட பிறகே பாருங்கள். எடுத்த மாற்றம் உடனே வளைவில் தெரியாது. 45 பவுண்டு வில் என்றால் எந்த நிலையிலும் 45-ஐத் தாண்டி இழுக்காதீர்கள்.

கணு உள்ள இடம் சற்று விறைப்பாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து மூன்று நான்கு அங்குலத்துக்கு வளைவு குறைந்து, கிட்டத்தட்ட நேராகத் தெரியும். அதைச் சரிசெய்யக் கூடாது. புத்தகத்துப் படம் போல ஒரே வில்வளைவு வரவேண்டும் என்று கணுவின் மேல் அரம் போடுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நல்ல வளைவு வரும், அதோடு வில்லும் போகும்.

ஆறு அங்குல நேர்க்கட்டையின் நடுவே பென்சில் செருகி வயிற்றில் ஓட்டி, விறைப்பான இடங்களைக் குறிப்பார்கள். அருமையான உபாயம். ஆனால் கணு மேட்டின் மேல் அந்தக் கட்டை ஏறினால் பொய்யான குறி விழும். கணுவுக்கு ஓர் அங்குலம் முன்பே தூக்கி, தாண்டி வைத்து ஓட்டுங்கள்.

கணுவுக்குப் பக்கத்தில் கீல் தோன்றிவிட்டால் உடனே நிறுத்துங்கள். அந்த இடத்தை இனித் தொடக் கூடாது. அதே கையின் மற்ற இடங்களிலும், பிறகு மறு கையிலும் மரம் எடுத்து, எல்லாம் அந்த இடத்துக்குச் சமமாக வளையும்படி செய்யுங்கள். ஐந்தாறு பவுண்டு எடை குறையும். குறையட்டும், 40 பவுண்டு வில்லும் நல்ல வில்தான்.

இடையிடையே பஞ்சு உருண்டையை முதுகில் தேயுங்கள், கணுவைச் சுற்றி இரண்டு திசையிலும். கண்ணுக்குத் தெரியாத சிம்பு பஞ்சிழையைப் பிடித்துக்கொள்ளும். ‘டிக்’ என்று சத்தம் கேட்டால் மேலும் இழுத்துப் பார்க்கும் ஆசையை அடக்கி, கயிற்றை மெல்லத் தளர்த்தி, விளக்கொளியில் கணுக்களைத்தான் முதலில் பாருங்கள். வயிற்றில் குறுக்காக மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் அங்கே மரம் நொறுங்கத் தொடங்கிவிட்டது.

9. மெருகு

வில் முழு இழுப்புக்கு வந்துவிட்டது, அம்பும் எய்து பார்த்தாயிற்று. கணு மேடு மட்டும் கண்ணை உறுத்துகிறதே என்று இந்தக் கட்டத்தில் உப்புத்தாளால் மட்டமாக்கி வில்லை இழந்தவர்களும் உண்டு. மேடு அங்கேயேதான் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 1545-இல் மூழ்கி 1982-இல் மேலே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் கப்பலின் யூ மர வில்களிலும் கணுக்களைச் சுற்றி மரத்தை மேடாகவே விட்டிருக்கிறார்கள்.

உப்புத்தாளை விரலில் சுற்றி, மேட்டின் சரிவைப் பின்தொடர்ந்து, நாரோட்டத்தோடு மட்டும் தேயுங்கள். 120, 220, 320 என்று போதும். பிறகு வழவழப்பான கண்ணாடிக் குப்பியால் முதுகை அழுத்தித் தேய்த்தால் எழுந்த நார்கள் படிந்துவிடும். எண்ணெய் பூசும்போது கணுவின் முகத்துக்கு ஒரு பூச்சு அதிகம் கொடுங்கள். அங்கே நார்களின் வெட்டுமுனை வெளியே இருப்பதால் ஈரத்தை வேகமாகக் குடிக்கும்.

சந்தேகமான கணு ஒன்று இருந்தால் அதன் மேல் பட்டுநூலையோ லினன் நூலையோ பசையில் தோய்த்து நெருக்கமாகச் சுற்றிக் கட்டலாம். சிம்பு எழாமல் பிடித்துக்கொள்ளும்.

முதல் இருநூறு அம்புகள் வரை, ஒவ்வொரு நாளும் நாணை இறக்கிய கையோடு கணுக்களைப் பார்த்துவிடுங்கள். கோடு ஏதும் தெரிந்தால் அது ஓடும் திசையைக் கவனியுங்கள். நாரோட்டத்தோடு ஓடினால் உலர்விரிசலாக இருக்கும், நீர்த்த பசை விட்டு நூல் சுற்றிக் கட்டுங்கள். முதுகில் குறுக்கே ஓடினால் அந்த வில்லுக்கு இனி நாண் ஏற்ற வேண்டாம்.